‘தி ட்ராட்ஸ்கி’: பார்க்கும் முன்னும் பார்த்த பிறகும் கேட்கப்படும் கேள்விகள்

2009-இல் வந்த கனடியப் படம். கிடைத்த ஆளிடமெல்லாம் “இதைப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொன்னதும் சில கேள்விகள் வரும். பார்த்துவிட்டு வந்து கேட்பவை வேறு ரகம். இரண்டையும் கலந்து இங்கே போட்டிருக்கிறேன். முடிவைச் சொல்லவில்லை, நடுவில் ஓரிரு காட்சிகள் மட்டும் தெரிந்துபோகும்.

கதை என்ன?

மான்ட்ரியலில் லியோன் பிரான்ஸ்டீன் என்று ஒரு 17 வயதுப் பையன். ரஷ்யப் புரட்சியாளர் லியோன் ட்ராட்ஸ்கியின் மறுபிறவி தான்தான் என்று உறுதியாக நம்புகிறான். ட்ராட்ஸ்கியின் இயற்பெயரும் பிரான்ஸ்டீன். அவருடைய அப்பா பெயர் டேவிட். இவன் அப்பாவும் டேவிட். பையனுக்கு இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

கோடையில் அப்பாவின் துணி ஆலைக்கு வேலைக்குப் போகிறவன், அங்கே தொழிலாளர்களைத் திரட்டி உண்ணாவிரதம் தொடங்கிவிடுகிறான். அப்பா கடுப்பாகி, தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்டுவதை நிறுத்தி அரசுப் பள்ளியில் தள்ளுகிறார். தண்டனை என்று அவர் நினைக்கிறார். பையனுக்கோ பாட்டாளி வர்க்கம் வீடு தேடி வந்தது போல. அந்தப் பள்ளியில் மாணவர் சங்கம் அமைக்க அவன் படும் பாடுதான் மீதிக் கதை.

அப்படியானால் மறுபிறவிப் படமா? பூர்வஜென்ம நினைவு, மந்திரம் எல்லாம் உண்டா?

கிடையாது. பழைய ரஷ்யாவுக்குத் தாவி, பனி கொட்டி, பின்னணியில் வயலின் அழுது, அவன் சொல்வது உண்மைதான் என்று காட்டும் வேலையெல்லாம் இல்லை. அவன் நம்புகிறான், மற்றவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள், அவ்வளவே. படத்தின் சிரிப்பு முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ட்ராட்ஸ்கி யாரென்றே தெரியாது. பார்த்தால் புரியுமா?

புரியும். ஆனால் நாலு வரி தெரிந்திருந்தால் சிரிப்பு இரட்டிப்பாகும். 1879 நவம்பர் 7-இல், இன்றைய உக்ரைனின் தென்பகுதியில், வசதியான யூத விவசாயி ஒருவருக்குப் பிறந்தவர். பதின்ம வயது முடிவதற்குள் தொழிலாளர் சங்கம் கட்டி, 1898-இல் சிறைக்குப் போனார். சைபீரியாவுக்கு இரண்டு முறை தண்டிக்கப்பட்டு, இரண்டு முறையும் தப்பித்தார். 1917 புரட்சியில் லெனினுக்கு அடுத்த இடம். பிறகு புரட்சி அரசின் ராணுவமான செம்படையைக் கட்டியவர். லெனினுக்குப் பின் ஸ்டாலினோடு மோதித் தோற்று, 1929-இல் நாட்டைவிட்டே துரத்தப்பட்டார். துருக்கி, பிரான்ஸ், நார்வே என்று அலைந்து மெக்சிகோ போய்ச் சேர்ந்தார். அங்கே 1940 ஆகஸ்ட் 20-இல் ஸ்டாலினின் ஆள் பனிக்கோடரியால் தாக்க, மறுநாள் இறந்தார்.

“ட்ராட்ஸ்கி” என்பதும் சொந்தப் பெயர் இல்லை. 1902-இல் சைபீரியாவிலிருந்து வைக்கோல் வண்டிக்குள் பதுங்கித் தப்பியபோது போலிக் கடவுச்சீட்டில் தானே எழுதிக்கொண்ட பெயர். ஒடெஸாவில் அவரைப் பூட்டி வைத்திருந்த சிறை அதிகாரி ஒருவரின் பெயர் அது. தன்னைச் சிறைவைத்தவனின் பெயரோடு சரித்திரத்தில் நின்றுவிட்டார் மனிதர்.

டிராட்ஸ்கியா, ட்ராட்ஸ்கியா, ட்ரொட்ஸ்கியா?

தமிழ்நாட்டு நூல்களில் முதல் இரண்டும், இலங்கையில் கடைசியும் புழக்கம். இலங்கைத் தமிழருக்கு இந்தப் பெயரை அறிமுகம் செய்யவே தேவையில்லை. 1935-இல் தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சி உலகின் பெரிய ட்ரொட்ஸ்கியக் கட்சிகளில் ஒன்று. 1964-இல் சிறிமாவோ பண்டாரநாயக்க அரசில் சேர்ந்ததற்காக, ட்ராட்ஸ்கி தொடங்கிய உலக அமைப்பான நான்காம் அகிலத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. “ட்ரொட்ஸ்கியவாதி” என்பது பாராட்டா வசையா என்று அங்கே பாதி வீடுகளில் சண்டை நடந்திருக்கும்.

அப்பாவின் ஆலையில் அப்பாவுக்கு எதிராகவே உண்ணாவிரதம். கொஞ்சம் ஓவர் இல்லையா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு ட்ராட்ஸ்கியின் தன்வரலாற்றில் ஒரு பத்தி கண்ணில் பட்டது. அவருடைய அப்பாவின் பண்ணையில் அறுவடைக்கு வரும் கூலியாட்களுக்குச் சாப்பாடு மோசம். சில நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். பொறுக்க முடியாதபோது வயலை விட்டு முற்றத்துக்கு வந்து, களஞ்சிய நிழலில் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். கோஷம் இல்லை, கல்வீச்சு இல்லை. வைக்கோல் குத்தி வெடித்துப்போன வெறுங்கால்களை மேலே தூக்கி ஆட்டியபடி, என்ன நடக்கிறது என்று காத்திருப்பார்கள். அப்பா வெளியே வந்து தயிரோ, தர்ப்பூசணியோ, அரை மூட்டைக் கருவாடோ கொடுப்பார். எழுந்து வேலைக்குப் போய்விடுவார்கள், பல நேரம் பாடிக்கொண்டே.

அந்த வெடித்த பாதங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற முதலாளியின் மகன்தான் பிற்காலத்து ட்ராட்ஸ்கி. ஆலைக்காட்சியை எழுதும்போது இயக்குநருக்கு இந்தப் பத்தி நினைவில் இருந்ததா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பணக்கார வீட்டுப் பிள்ளை, அப்பாவின் ஆட்கள், சாப்பாட்டை வைத்து ஒரு போராட்டம்: மூன்றும் பொருந்துகின்றன. வித்தியாசம் ஒன்றுதான். அங்கே கூலியாட்களே போராடினார்கள். இங்கே பையன் அவர்களுக்காகப் போராடுகிறான், அவர்கள் “யாரப்பா இது?” என்று பார்க்கிறார்கள். அந்தப் பார்வையை ஒளிக்காமல் காட்டியதற்காகவே படத்தின் மீது எனக்கு மரியாதை.

நிஜ ட்ராட்ஸ்கியும் பள்ளியில் இப்படித்தான் இருந்தாரா?

நல்ல மாணவர். வகுப்பில் முதலிடம். ஒடெஸாவில் ஜெர்மானியர் நடத்திய பள்ளியில் இரண்டாம் வகுப்பில் ஒரு பிரெஞ்சு ஆசிரியர், சுவிட்சர்லாந்துக்காரர். ஒரு மாணவனை அநியாயமாக நடத்தினார் என்று பையன்களுக்குக் கோபம். ஆசிரியர் வகுப்பை விட்டு வெளியேறும்போது, வாயைத் திறக்காமலே எல்லோரும் சேர்ந்து ஊளையிட்டு வழியனுப்பினார்கள். யார் சத்தம் போட்டது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதல்லவா, அதற்காக.

விசாரணை நடந்தது. கூட ஊளையிட்டவர்களில் சிலரே காட்டிக்கொடுத்தார்கள். முதல் மாணவன் என்பதால் தலைவனும் இவன்தான் என்று முடிவாகி, வெளியேற்றினார்கள். மறு வருடம்தான் திரும்பச் சேர முடிந்தது. பிற்காலத்தில் இதை எழுதும்போது, அந்த வகுப்பு மூன்றாகப் பிரிந்ததாகச் சொல்கிறார்: ஒரு பக்கம் கோள்மூட்டிகள், இன்னொரு பக்கம் துணிந்து நின்றவர்கள், நடுவில் எந்தப் பக்கமும் சாயாத கும்பல். வாழ்க்கை முழுக்க இந்த மூன்று கூட்டத்தையும் மறுபடி மறுபடி சந்தித்தாராம்.

படத்தின் பள்ளிக்கூடத்தைப் பார்க்க இதைவிட நல்ல கண்ணாடி இல்லை. கோள்மூட்டிகளைப் பற்றிப் படம் அதிகம் கவலைப்படவில்லை. அதன் கண் நடுவிலே நிற்கிற பெரும் கும்பல் மீதுதான்.

பள்ளி முதல்வர்தான் வில்லனா?

முதல்வர் பெர்க்கோஃப் வேடத்தில் கோல்ம் ஃபியோர். மேடை நாடகத்தில் பழகிய குரல், ஒரு புருவத்தை மட்டும் தூக்கியே பாதி வசனத்தை முடித்துவிடுவார். ஆனால் வில்லன் அவரில்லை என்பது என் கட்சி.

படம் முழுக்க ஒரு கேள்வி ஓடுகிறது: இந்த மாணவர்களுக்கு இருப்பது சலிப்பா, அலட்சியமா? சலிப்பு என்றால் செய்ய உருப்படியாக ஒன்று கொடுத்தால் எழுந்து வருவார்கள். அலட்சியம் என்றால் எரிகிற வீட்டைக் காட்டினாலும் “அப்படியா?” என்று கைப்பேசியைப் பார்ப்பார்கள். லியோன் முதல் கட்சி. அவனுடைய மறுபிறவிக் கதையைவிடப் பெரிய நம்பிக்கை இதுதான், இதற்குத்தான் அத்தாட்சியே கிடையாது. பெயர்ப்பொருத்தம் கூட இல்லை.

பள்ளி நடனவிழாவுக்குச் “சமூகநீதி” என்று கருப்பொருள் வைக்கிறார்கள். அதில் எத்தனை பேர் விஷயத்துக்காக வந்தவர்கள், எத்தனை பேர் வேஷம் கட்ட வந்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கடைசி அரைமணி நேரத்தில் கேள்வி இன்னும் சூடாகிறது. அதை நான் சொல்ல மாட்டேன்.

மாணவர் சங்கம் என்ன பெரிய விஷயம்? எல்லாப் பள்ளியிலும் மாணவர் மன்றம் இருக்கிறதே?

அந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் படமே. மன்றம் என்பது நிர்வாகம் கொடுப்பது. நடனவிழா ஏற்பாடு, அலங்காரம், நன்றியுரை. நிர்வாகத்துக்குப் பிடிக்காவிட்டால் கலைத்துவிடலாம். சங்கம் என்பது உறுப்பினர்கள் தாங்களே கூடி, தங்கள் பெயரில் பேச்சுவார்த்தை நடத்துவது. “வேண்டாம்” என்று சொல்லும் பலம் அதற்கு உண்டு.

பையன் கேட்பது அவ்வளவு கிறுக்குத்தனமும் இல்லை. 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் 15-ஆம் பிரிவு, குழந்தைகளுக்கும் சங்கம் சேரும் உரிமை உண்டு என்கிறது. கனடா 1991-இல் அதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டது. காகிதத்தில் இருப்பதைப் பள்ளி வராந்தாவில் கேட்டால் என்ன ஆகும்? நகைச்சுவைப் படம் ஆகும்.

ஏன் மான்ட்ரியல்? டொராண்டோவில் எடுத்திருந்தால் என்ன?

ஆகாது. முதலில் அந்த ஆலை. மான்ட்ரியலின் ஆயத்த ஆடைத் தொழிலில் நீண்ட காலம் முதலாளிகளில் பலரும் யூதர்கள், தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர்களில் பலரும் யூதர்கள், சங்கம் கட்டியவர்களிலும் யூதர்கள். 1937 ஏப்ரலில் அந்நகரத்தில் சுமார் 5,000 தையல் தொழிலாளிப் பெண்கள் மூன்று வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரோஸ் பெசோட்டா, லேயா ரோபேக் போன்ற பெண்கள்தான் அதைத் திரட்டியவர்கள். 1943-இல் அந்நகரத்தின் ஒரு தொகுதி மக்கள் ஃபிரெட் ரோஸ் என்ற கம்யூனிஸ்டை நாடாளுமன்றத்துக்கே அனுப்பினார்கள். ஆக, யூத ஆலை முதலாளி வீட்டில் ஒரு புரட்சிக்காரப் பையன் என்பது அந்த ஊருக்குப் புதிதல்ல. புதிது என்னவென்றால், அவன் 70 வருடம் தாமதமாக வந்திருக்கிறான்.

இரண்டாவது, மொழி. கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு பெரும்பான்மை, ஆங்கிலம் சிறுபான்மை. 1998-இல் பள்ளி வாரியங்களே மொழிவாரியாகப் பிரிந்தன. லியோன் படிப்பது ஆங்கிலப் பள்ளியில். படமும் ஆங்கிலத்தில் நடந்து அவ்வப்போது பிரெஞ்சுக்குத் தாவித் திரும்பும். வசன எழுத்தோடு பார்ப்பது நல்லது.

ட்ராட்ஸ்கிக்கும் கனடாவுக்கும் நிஜத்தில் சம்பந்தம் உண்டா?

உண்டு, அதுவும் சிறைச் சம்பந்தம். 1917-இல் ஜார் வீழ்ந்த செய்தி கேட்டு நியூயார்க்கிலிருந்து குடும்பத்தோடு கப்பலேறினார். ஏப்ரல் தொடக்கத்தில் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் கப்பல் நின்றபோது பிரிட்டிஷ் அதிகாரிகள் இறக்கிவிட்டார்கள். இறங்க மறுத்தவரைத் தூக்கிக்கொண்டுதான் போனார்கள். நோவா ஸ்கோஷியாவில் ஆம்ஹர்ஸ்ட் என்ற ஊரில், பழைய இரும்பு வார்ப்பாலை ஒன்று போர்க்கைதி முகாமாக இருந்தது. சுமார் 800 ஜெர்மானியக் கைதிகள்.

அங்கே அவர் என்ன செய்திருப்பார் என்று நினைக்கிறீர்கள்? கூட்டம் போட்டார். ரஷ்யாவில் நடப்பதைப் பற்றிச் சாதாரண மாலுமிகளுக்குத் தினமும் பேச்சு. கைதிகளிலேயே அதிகாரிகளாக இருந்த ஜெர்மானியர்கள் முகாம் தளபதியிடம் போய்ப் புகார் கொடுக்க, அந்த ஆங்கிலேயத் தளபதி உடனே பேச்சுக்குத் தடை போட்டார். போரில் எதிரெதிராக நின்ற இரண்டு தரப்பு அதிகாரிகளும் இந்த ஒரு விஷயத்தில் கைகோத்துவிட்டார்கள். தடையை எதிர்த்து 500-க்கும் மேற்பட்ட கைதிகள் கையெழுத்திட்டார்கள். ஏப்ரல் 29 அன்று விடுதலையாகிக் கிளம்பினார்.

ஒரு மாதம்கூட முழுசாக இல்லை, அதற்குள் ஒரு சங்கம். நம்ம லியோன் அரசுப் பள்ளிக்கு வந்து செய்வதும் அச்சு அசல் இதுதான்.

2012 மாணவர் போராட்டத்தைப் படம் முன்கூட்டியே சொன்னதா?

இதைப் பலரும் ஆசையோடு கேட்கிறார்கள். 2012 பிப்ரவரியில் கியூபெக் மாணவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பல்கலைக்கழகக் கல்விக் கட்டணத்தை ஆண்டுக்கு 2,168 டாலரிலிருந்து ஐந்து ஆண்டுகளில் 3,793 டாலராக உயர்த்தும் திட்டத்தை எதிர்த்து. சட்டையில் குத்திய சிவப்புச் சதுரத் துணிதான் அடையாளம். “சதுரமாகச் சிவப்பில் இருக்கிறோம்” என்றால் “அப்பட்டமாகக் கடனில் மூழ்கியிருக்கிறோம்” என்று பொருள் தரும் பிரெஞ்சுச் சிலேடை. மே மாதம் அரசு 78-ஆம் மசோதாவைச் சட்டமாக்கியது: 50 பேருக்கு மேல் கூடினால் 8 மணி நேரம் முன்பே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். பதிலுக்கு ஜனங்கள் இரவு எட்டு மணிக்குப் பாத்திரங்களைத் தட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். செப்டம்பரில் ஆட்சி மாறியது, உயர்வும் நின்றது.

படம் ஜோசியம் சொல்லவில்லை. 2005-லேயே அங்கே பெரிய மாணவர் வேலைநிறுத்தம் நடந்திருந்தது. சிவப்புச் சதுரம் அந்தக் காலத்துச் சரக்குதான். ஆனாலும் 2009-இல் “இந்தத் தலைமுறைக்கு இருப்பது வெறும் சலிப்புதான்” என்று அடம்பிடித்த ஒரு கதாபாத்திரம், மூன்று வருடத்தில் சொந்த ஊர்த் தெருவிலேயே ஜெயித்துவிட்டது.

அலெக்சாண்ட்ரா விவகாரம் நெருடுகிறதே?

நெருட வேண்டும். ட்ராட்ஸ்கியின் முதல் மனைவி அலெக்சாண்ட்ரா, அவரைவிட மூத்தவர். அதனால் லியோனும் அதே பெயரில் தன்னைவிட மூத்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்து, கட்டினால் இவளைத்தான் என்று பின்னாலேயே அலைகிறான். எமிலி ஹாம்ப்ஷயர் அந்தப் பாத்திரத்துக்குக் கோபமும் களைப்புமாக உயிர் கொடுக்கிறார். ஆனால் வேண்டாம் என்று சொன்ன பெண்ணை விடாமல் துரத்தினால் மனம் இறங்குவாள் என்ற பழைய பாடம் இங்கேயும் எட்டிப் பார்க்கிறது. நாம் தமிழ்ப் படங்களில் சலிக்கச் சலிக்கப் பார்த்ததுதான். படத்தின் பலவீனம் இது.

சரித்திரத்து அலெக்சாண்ட்ரா சொகொலோவ்ஸ்காயா யாருக்கும் பரிசுப் பொருள் அல்ல. அந்த நண்பர் வட்டத்தில் முதலில் மார்க்சியராக இருந்தவர் அவர்தான். ட்ராட்ஸ்கி அப்போது அவரைக் கிண்டல் செய்து எதிர்வாதம் பேசிக்கொண்டிருந்தார். இருவருக்கும் சிறையில் கல்யாணம். சைபீரியாவில் இரண்டு பெண் குழந்தைகள். இரண்டாவது குழந்தைக்கு நாலு மாதம் கூட ஆகாத நிலையில், “நீ தப்பித்துப் போகத்தான் வேண்டும்” என்று அனுப்பியவர். பிற்காலத்தில் ஸ்டாலின் ஆட்சியில் கைதாகிச் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தக் கனத்தில் கால்வாசியாவது படத்து அலெக்சாண்ட்ராவுக்குக் கொடுத்திருக்கலாம்.

இடதுசாரிகளைக் கேலி செய்கிறதா, கொண்டாடுகிறதா?

பையனின் பாவனையைக் கேலி செய்கிறது. கோரிக்கையைக் கேலி செய்யவில்லை. செம்படைத் தளபதியாக ட்ராட்ஸ்கி சிந்திய ரத்தத்தின் பக்கம் படம் போகவே போகாது, அது உண்மை. கோபப்படுகிறவர்களின் கோபம் நியாயம். 1921-இல் ரஷ்யக் கடற்படைத் தளமான க்ரோன்ஸ்டாட்டில் கிளர்ந்தெழுந்த மாலுமிகள் கேட்டதும் ஏறக்குறைய லியோன் கேட்பது போன்றவைதான். ட்ராட்ஸ்கி அவர்கள் மீது படையை அனுப்பினார். பையன் அந்த அத்தியாயத்தைப் படித்தானா என்று யாராவது ஒரு காட்சியில் கேட்டிருக்கலாம்.

நடிகர்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறது.

லியோனாக ஜே பருஷெல். டிராகன் வளர்க்கும் அனிமேஷன் படங்களில் ஹிக்கப்பின் குரல் அவருடையது. 1982-இல் பிறந்தவர், 17 வயதுக்காரனாக நடிக்கும்போது வயது இருபத்தைந்தைத் தாண்டியாயிற்று. தெரியத்தான் செய்கிறது, ஆனாலும் வயசுக்கு மீறிப் பேசும் பையனுக்கு அது பொருந்திப்போகிறது. அப்பாவாக சால் ரூபினெக்: கத்துவார், உடனே மகனைப் பார்த்து உருகுவார். போராடிக் களைத்த வழக்கறிஞர் ஃபிராங்காக மைக்கேல் மர்ஃபி. பள்ளி வாரியத்திலிருந்து வரும் அம்மையார் ஜெனவியேவ் பூஜோல்ட். கொஞ்ச நேரமே வந்தாலும் அறையே நிமிர்ந்து உட்காரும். இசை, மான்ட்ரியலின் பிரெஞ்சு ராக் குழு மலாஜூப்.

இண்டி படம் என்கிறார்களே, எந்த அர்த்தத்தில்?

பெரிய ஸ்டுடியோ பின்னால் இல்லை என்ற அர்த்தத்தில். எழுதி இயக்கியவர் ஜேக்கப் டியர்னி, தயாரித்தவர் அவருடைய அப்பா கெவின் டியர்னி. அப்பாவின் பணத்தை எதிர்த்து மகன் போராடும் கதைக்கு அப்பாவே தயாரிப்பாளர்! 2009 டொராண்டோ திரைப்பட விழாவில் வெளிவந்து, அதே ஆண்டு டோக்கியோ விழாவில் பார்வையாளர் விருது பெற்றது.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பார்க்கலாம். கெட்ட வார்த்தைகள் உண்டு. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நடுவில் இருபது நிமிடம் வெட்டியிருக்கலாம். மறுநாள் காலை வீட்டில் சாப்பாட்டுக்காக உண்ணாவிரதம் தொடங்கினால் நான் பொறுப்பில்லை. தயிர், தர்ப்பூசணி, கருவாடு, எது கைவசம் இருக்கிறதோ கொடுத்துப் பாருங்கள்.

அவன் அறைச் சுவரில் இருக்கும் பட்டியலில் என்னதான் இருக்கிறது?

ட்ராட்ஸ்கியின் வாழ்க்கையை அப்படியே வாழ்ந்து முடிக்க, செய்ய வேண்டிய வேலைகள். அலெக்சாண்ட்ராவைக் கட்டுவது, தன்னுடைய லெனினைக் கண்டுபிடிப்பது, நாடுகடத்தப்படுவது. கடைசியில் கொலையாவது, முடிந்தால் கொஞ்சம் கதகதப்பான ஊரில். தியேட்டரில் எல்லோரும் சிரிக்கும் இடம் இது.

நிஜ ட்ராட்ஸ்கிக்கு அந்தக் கடைசி வரி அப்படியே வாய்த்தது. மெக்சிகோ நகரத்தின் கொயோகான் பகுதி. உயர்ந்த மதில் போட்ட வீடு, தோட்டத்தில் அவரே தேடிக் கொண்டுவந்து நட்ட கள்ளிச்செடிகள், ஓரத்தில் முயல் கூண்டுகள். அந்த ஆகஸ்ட் மாலை, கட்டுரையைத் திருத்தித் தரச் சொல்லி ஓர் இளைஞன் வந்தான். நல்ல வெயிலிலும் கையில் மழைக்கோட்டு. ட்ராட்ஸ்கி அப்போது முயல்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். கூண்டுக் கதவை மூடிவிட்டு, கையுறையைக் கழற்றிக்கொண்டே அவனோடு உள்ளே போனார்.